தனக்குத்தானே அளந்த படி

புது வேலையில் சேருகிறவருக்குச் சலுகைகள் பழகச் சில நாள் பிடிக்கும். அந்த வகையில் நம் சட்டமன்ற உறுப்பினர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வாக்கு எண்ணி முடித்த கையோடு சென்னை ஓமந்தூரார் தோட்டத்து விடுதியில் அறை, தொலைபேசிப் படி, தொகுதிப் படி, வாகனப் படி, போதாததற்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ். நேற்றுவரை வடசேரியில் நின்று பஸ்ஸுக்குச் சில்லறை தேடிய மனுசன் திணறத்தானே செய்வார்?

நாஞ்சில் நாட்டில் படி என்றால் நெல் அளக்கிற படி. களத்தில் சூடடித்து முடிந்ததும் அறுப்புக்காரிக்குக் கூலி அளக்கையில் பண்ணைக்காரர் கை மரக்காலின் வாயைத் தடவிக்கொண்டே போகும். ஒரு மணி கூடுதலாய் நின்றுவிடக் கூடாது. அதற்குத் தலைதட்டி அளப்பது என்று பேர். சொந்தப் பத்தாயத்துக்குப் போகிற நெல் மட்டும் கும்பமாய் நிற்கும். அன்று கோட்டைக் கணக்கில் நெல்லை அளந்தார்கள். இன்று கோட்டையில் உட்கார்ந்தே அளக்கிறார்கள்.

2017 ஜூலையில் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவும் சக விவசாயிகளும் மண்டையோட்டோடு டெல்லி ஜந்தர் மந்தரில் இரண்டாம் தடவையாகப் போய் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை எலியைக் கவ்விக் காட்டியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ஜூலை 19-ஆம் தேதி, உறுப்பினர்களின் மாதச் சம்பளம் படியெல்லாம் சேர்த்து 55,000-லிருந்து 1,05,000 ரூபாய் ஆகும் என்று பேரவையில் அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 12,000-லிருந்து 20,000. எல்லாம் ஜூலை 1 முதலே. வரப்போகிற பணத்துக்குப் பழக அந்தப் பதினெட்டு நாள் முன்தேதி உதவியிருக்கும்.

அதே வருசம் நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தது. வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிக் கடலில் போனவர்களை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்கக் குழித்துறை ரயில் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. காணாமல் போனவர் செத்தார் என்று ஏற்க ஏழு வருசம் ஆகும் என்றது சட்டப் புத்தகம். சம்பள மசோதாவுக்கு அத்தனை பொறுமை கிடையாது. 2018 ஜனவரி 10-ஆம் தேதி, புயல் அடித்து 41 நாளில், பேரவைக்கு வந்துவிட்டது. புதைக்க உடல்கூட வந்துசேராத வீடுகளில் அன்றும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு இன்னொரு விசேசமும் உண்டு. மசோதா வந்த நாளில் பஸ் ஓடவில்லை. ஜனவரி 4 மாலையிலிருந்து போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம். சம்பளத்தில் அவர்கள் கேட்டது 2.57 மடங்கு, அரசு தந்தது 2.44. தகராறு வெறும் 0.13-க்கு. ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி தனி. ராணித்தோட்டம் பணிமனையில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு நடத்துநர் பொங்கல் செலவுக்கு என்ன செய்வதென்று திண்ணையில் குந்தியிருந்தார். "கஜானாவுல பணம் இல்லேங்கான், அண்ணாச்சி." தலைதட்டுகிற கை எப்போதும் சொல்வதுதானே. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் அவருக்குப் பழைய ஓய்வூதியமும் கிடையாது. ஐந்தே வருசம் உறுப்பினராக இருந்தவருக்கு ஆயுசு முழுக்க உண்டு. எனக்கு இதிலும் ஒரு வருத்தம்: பஸ்ஸே ஓடாததால் அந்த வாரம் உறுப்பினர்களின் இலவசப் பாஸ் வீணாய்ப் போனதே!

எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். பேச்சு அவைக்குறிப்பில் ஏறியது. மசோதாவும் நிறைவேறியது. ஆளை வேலைக்கு வைத்த நம்மிடம், இவ்வளவு தரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? காரியஸ்தன் தன் சம்பளத்தைத் தானே கணக்கில் எழுதிக்கொண்டால் பழைய பண்ணைக்காரர் செருப்பைக் கழற்றியிருப்பார்.

வேலைநிறுத்தம் 11-ஆம் தேதி முடிந்தது. 20-ஆம் தேதி பஸ் கட்டணம் ஏறியது. டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய் டிக்கெட் ஐந்தானது. அன்று காலை நான் ஏறிய பஸ்ஸில், காலியான மீன் சருவத்தை மடியில் வைத்திருந்த ஒரு கிழவி, வழக்கம்போல் மூன்று ஒற்றை ரூபாயை எண்ணி நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு ரூவா தாரும், அம்மா."

"அது யாருக்கு, மக்களே?"

நடத்துநர் வாய் திறக்கவில்லை. அவள் சேலை முடிச்சை அவிழ்க்கிற வரைக்கும் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.