முதல் பந்தி விமானிகளுக்கு ஒரு வாழ்த்து

அமெரிக்க விமானிகள் சங்கங்களின் மூத்த கேப்டன்களே, உங்களை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை. இருக்கிறவர்களைக் காப்பாற்றத் தெரிந்த சங்கங்கள் உலகத்தில் நிறைய உண்டு. இனிமேல் வரப்போகிறவர்களின் பங்கை எடுத்து இருக்கிறவர்களைக் காப்பாற்றும் கலையில் உங்களுக்கு இணை உண்டா?

முதலில் உங்கள் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். உங்கள் உலகத்தில் சிபாரிசு செல்லாது, முதலாளியின் தயவும் செல்லாது. சேர்ந்த தேதி கொடுக்கும் சீனியாரிட்டி எண் ஒன்றுதான் செல்லும். எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் இருப்பது, இரவுப் பணியா பகல் பணியா, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருப்போமா, கேப்டன் இருக்கை எப்போது வரும் என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியிலிருந்து ஆட்கள் வெளியேற வேண்டும். இருபது வருட அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் அங்கே கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். ஒரு மேலாளர் தனக்குப் பிடித்தவரை உயர்த்தவோ பிடிக்காதவரைத் தாழ்த்தவோ முடியாத ஏற்பாடு இது. உங்கள் முன்னோர் இதற்காகப் பாடுபட்டார்கள். 1931-ல் சிகாகோவில் டேவிட் பெங்கே என்ற விமானி ஆல்பா என்ற ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனைத் தொடங்கியபோது, சங்கத்தில் சேர்ந்தது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலை. புயலிலும் மூடுபனியிலும் பறக்கச் சொல்லி மிரட்டப்பட்டவர்கள் அவர்கள். ஒரு விமானி மாதம் 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பை 1934-லேயே வென்றெடுத்தார்கள். அந்த வரம்பு பயணிகளையும் காத்தது.

அப்படிப்பட்டவர்கள் விட்டுச்சென்ற பட்டியலை நீங்கள் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறீர்கள்! ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை பட்டியலில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். இன்னும் பெயர் ஏறாதவருக்கு ஓட்டும் இல்லை, குரலும் இல்லை. இந்தச் சின்ன உண்மையின் முழு மதிப்பையும் உங்களைப் போல் அறிந்தவர் இல்லை.

1983-ஐ எடுத்துக்கொள்வோம். 1978-ல் விமானத் துறையின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, மலிவுக் கட்டணக் கம்பெனிகள் முளைத்தன, செலவைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம் கேட்டது. உங்கள் சம்பளத்தில் கை வைக்க நீங்கள் விடவில்லை. அந்த உறுதிக்கு முதல் வணக்கம். இனிமேல் சேர்கிற விமானிகளுக்குத் தனியாக, தாழ்ந்த சம்பள அட்டவணை இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டீர்கள். அந்தத் தாராளத்துக்கு இரண்டாம் வணக்கம். ‘பி-ஸ்கேல்’ என்று பெயர் பெற்ற அந்த அட்டவணை மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. அதே விமானம், அதே புயல், பின்னால் அதே பயணிகள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மட்டும் வேறு சம்பளம். கையெழுத்து உங்களுடையது. விலை கொடுத்தவர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளை.

இரண்டு வருடம் கழித்து, 1985-ல், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதியவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற அதே திட்டம்தான் அங்கே பூசலின் மையம். அப்போது பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த சுமார் 570 இளம் விமானிகளைக் கம்பெனி அழைத்தது: மறியலைத் தாண்டி உள்ளே வாருங்கள், வேலை உங்களுக்கு. மிகப் பெரும்பாலோர் தாண்டவில்லை. சங்கத்தில் ஒரு மாதச் சந்தாகூடக் கட்டாத பிள்ளைகள் அவர்கள். கடைசியில் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுக்க முடிந்தது. இரட்டைச் சம்பளமோ முழுதாக ஒழியவில்லை. பந்தியில் இலை போடப்படாதவர்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்காக வாசலில் காவல் நின்றார்கள். சங்கம் என்றால் என்ன என்பதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பாடத்தை நீங்கள் எவ்வளவு பத்திரமாக ஓரத்தில் வைத்தீர்கள் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின.

2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை வாங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அங்கிருந்து வந்தார்கள். அமெரிக்கன் விமானிகளின் சங்கம் அலைட் பைலட்ஸ் அசோசியேஷன். 1963-ல் ஆல்பாவிலிருந்து பிரிந்து தனிச் சங்கமானவர்கள். வந்தவர்களை அவர்கள் எப்படி வரவேற்றார்கள்? ஏறக்குறையப் பாதிப் பேரைப் பட்டியலின் அடியில், எல்லோருக்கும் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். பல வருடம் பறந்தவர்கள் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால் நின்றார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது அந்த அடிவரிசைதான் முதலில் தெருவுக்கு வந்தது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளின் சங்கமாக இருந்த ஆல்பாவும் பெரிய மனதுக்காரர்கள்தான். அமெரிக்கன் விமானிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் ஆசையில் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று சொந்த உறுப்பினர்களே அதன் மேல் வழக்குப் போட்டார்கள். சங்கம் தன் கடமையில் தவறியது என்று 2011-ல் நீதிமன்ற ஜூரி தீர்ப்புச் சொன்னது. 2014-ல் 5.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். பணம் வந்தது; இழந்த கேப்டன் இருக்கை வரவில்லை.

நடுவர் தீர்ப்பின் மேல் உங்களுக்குள்ள மதிப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. 2005-ல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. இரண்டு சீனியாரிட்டி பட்டியல்களை ஒன்றாக்க ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவரை ஏற்றுக்கொண்டீர்கள். 2007-ல் அவர் தீர்ப்பளித்தார். யு.எஸ். ஏர்வேஸ் பக்கத்தில் ஆட்குறைப்பில் வீட்டுக்குப் போயிருந்தவர்கள், அவர்களில் சிலர் பல வருடப் பணிக்காரர்கள், மறுபக்கத்தில் வேலையில் இருந்த கடைசி ஆளுக்கும் கீழே போனார்கள். அவர்களுடைய வலி உண்மையானது. ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. எண்ணிக்கையில் பெரியதான யு.எஸ். ஏர்வேஸ் பக்கம் என்ன செய்தது? சங்கத்தையே மாற்றியது. 2008-ல் ஓட்டெடுப்பு நடத்தி ஆல்பாவை வெளியேற்றிப் புதுச் சங்கத்தைக் கொண்டுவந்தது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் தீர்ப்பை ஏற்ற சங்கத்தை வெளியேற்றுவது எத்தனை எளிய வழி! பலன், ஒரே கம்பெனியின் விமானிகள் ஆண்டுக்கணக்கில் இரண்டு ஒப்பந்தங்களின் கீழ்ப் பறந்தார்கள். இரு பக்கமும் ஒன்றோடொன்று நீதிமன்றத்தில் மோதின. இரு பக்கத்தின் சம்பளமும் மற்றக் கம்பெனிகளுக்குப் பின்தங்கியது. சண்டையில் லாபம் கண்ட ஒரே தரப்பு நிர்வாகம்.

சின்னக் கம்பெனிகளின் மேல் உங்கள் பரிவு இன்னும் பெரியது. பெரிய ஏர்லைன்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி உண்டு: எத்தனை இருக்கை வரையுள்ள விமானங்களைத் துணைக் கம்பெனிகளிடம் விடலாம் என்று எல்லை போடும் பகுதி. அந்த எல்லை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விரிந்தது. பெரிய விமானமும் பெரிய சம்பளமும் உங்களுக்கு. சின்ன விமானமும் சின்னச் சம்பளமும் அவர்களுக்கு. டிக்கெட்டில் அச்சாகும் பெயர் மட்டும் ஒன்றே. 2009 பிப்ரவரி 12 இரவு, கான்டினென்டல் பெயரைத் தாங்கிப் பறந்த கோல்கன் ஏர் 3407 பஃபலோ நகரத்துக்கு அருகே விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர்தான் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து கிளம்பி, இரவெல்லாம் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு நாட்டின் மறுகரைக்கு வந்து வேலை பார்த்த இளம்பெண் அவர். விபத்துக்குக் கேப்டனின் தவறான கையாளுகையே முதன்மைக் காரணம் என்றது விசாரணை வாரியம். விமானிகளின் களைப்பையும் அது பதிவுசெய்தது. அந்தக் களைப்புக்குப் பின்னால் ஒரு சம்பளப் பட்டியல் இருந்தது. அதன் இன்னொரு முனையில் உங்கள் ஒப்பந்தம் இருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனின் படிகளை ஏறி இறங்கி, பயிற்சிக்கும் ஓய்வுக்கும் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தன. உங்கள் தொழிலின் பாதுகாப்பை உயர்த்தும் அந்த வேலையில் முன்னால் நின்றவர்கள் அந்தத் தாய் தகப்பன்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் கனிவாகவே இருக்கிறது. 1926-ல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்தும். 1944-ல் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு கறுப்பின ரயில் தொழிலாளி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த சங்கம், கறுப்பினத் தொழிலாளர்களை வேலையிலிருந்து ஒதுக்க ரயில் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. எல்லோர் சார்பாகவும் பேசும் உரிமை ஒரு சங்கத்துக்கு இருந்தால், எல்லோரையும் நேர்மையாக நடத்தும் கடமையும் அதற்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஓட்டில்லாதவரைக் காக்கப் பிறந்த விதி அது. 1991-ல் கான்டினென்டல் விமானிகள் அதே விதியை ஏந்தி ஆல்பாவுக்கு எதிராக வந்தபோது, பின்னால் திரும்பிப் பார்த்தால் மோசமாகத் தெரியும் உடன்பாடானாலும், அறிவுக்கே ஒவ்வாதது என்றால் தவிர சங்கம் தவறியதாகாது என்று அதே நீதிமன்றம் கோட்டை அகலப்படுத்தியது. அந்த அகலம் முழுவதிலும் தயங்காமல் நடக்கிறீர்கள்.

இனி, எந்த உள்ளர்த்தமும் இல்லாத பாராட்டு ஒன்று. 2022-ல் யுனைடெட் நிர்வாகத்தோடு எட்டப்பட்ட தற்காலிக ஒப்பந்தத்தை ஓட்டுப் போட்டவர்களில் 94 சதவீத விமானிகள் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு டெல்டாவில் 34 சதவீத உயர்வு கொண்ட ஒப்பந்தம் நிறைவேறியது. யுனைடெட்டில் 40 சதவீதம் வரை உயர்வு வந்தது. 2024 தொடக்கத்தில் சவுத்வெஸ்ட் விமானிகள் 93 சதவீத ஆதரவோடு தங்கள் ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். ஒன்றாக நின்றால் உங்களால் என்ன முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. நிர்வாகத்திடம் ‘போதாது’ என்று சொல்லும் பலம் உங்களிடம் எப்போதும் இருந்தது. 1983-லும் இருந்தது. அந்தச் சொல்லை அன்று உங்களுக்காக மட்டும் சொன்னீர்கள் என்பதே உங்கள் மேல் நிற்கும் குற்றம்.

உங்கள் எல்லோருக்கும் 65 வயதில் இருக்கை காலியாகும். அங்கே வந்து உட்காரப் போகிறவர் இன்றைய ஓட்டெடுப்பில் இல்லை. அடுத்த ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது உங்கள் சம்பளப் பத்தியைப் படிப்பதற்கு முன்னால், முதல் வருடத் துணை விமானியின் பத்தியைப் படியுங்கள். பிறகு துணைக் கம்பெனிகள் பற்றிய பகுதியை, அதற்குப் பிறகு இணைப்பு வந்தால் கடைசி ஆள் எங்கே நிற்பார் என்ற பகுதியைப் படியுங்கள். அவற்றில் ஒன்று உங்களைக் கூசவைத்தாலும் ‘இல்லை’ என்று ஓட்டுப் போடுங்கள். அப்படிச் செய்யாத சங்கம் மூத்தவர்களின் சொத்துப் பாதுகாப்புக் கழகம்தான். அதைத் தொழிற்சங்கம் என்று அழைப்பது, மறியலைத் தாண்ட மறுத்த அந்த இளம் விமானிகளுக்குச் செய்யும் அவமானம்.