தொங்கும் கூரைக்கு ஒரு தரநிலை வேண்டி

பெறுநர்: இந்திய தர நிர்ணய அமைவனம், புது டெல்லி.

பொருள்: காரின் உட்கூரைத் துணி தொங்குதல் – சரிசெய்யும் கடையைத் தேர்ந்தெடுத்தல் – தரநிலை வகுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அமைவனத்தின் கவனத்திற்கு:

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றை ஒட்டிக் கூட்டுறவு சர்க்கரை ஆலையோடு அமைந்துள்ள மூங்கில்துறைப்பட்டில், நிழலின்றி ஆண்டுக்கணக்கில் நின்ற கார்களுக்குள் தலைக்கு மேலுள்ள துணி பழைய பந்தலைப் போலத் தொய்ந்து இறங்குவது இயல்பே. பட்டறைகளில் ‘டாப் லைனிங்’ என வழங்கும் இவ்வுட்கூரை, அழுத்தி வார்த்த அட்டையும், சில மில்லிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் ஸ்பாஞ்சும், வெளித்தெரியும் துணியும் சேர்ந்த மூன்றடுக்குப் பொருளாகும். வெப்பமும் ஈரமும் நடுவிலுள்ள ஸ்பாஞ்சை நாளடைவில் பொடியாக்கிவிடுவதால், துணி பற்றிக்கொள்ள எதுவும் எஞ்சுவதில்லை. பழி மட்டும் பசையின் மீது விழுகிறது.

அமைவனம் இப்பொருளில் வாளாவிருந்ததாகக் கூற இயலாது. வாகனத்தின் உட்புறப் பொருள்கள் தீப்பற்றும் தன்மை குறித்து ஐ.எஸ். 15061 என்னும் தரநிலை 2002ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவிலும் இத்தகைய பொருள்களின் மீது நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என விதி உண்டு. எனவே பின்புறக் கண்ணாடியை முழுவதும் மறைத்துத் தொங்கும் துணியும், எரிய நேர்ந்தால் மெதுவாகவே எரியும் என்ற உறுதியோடுதான் மறைக்கிறது. காப்பீட்டு நிறுவனமோ இதனைத் ‘தேய்மானம்’ என்னும் ஒரே சொல்லால் முடித்துவைக்கிறது.

எஞ்சுவது கடையைத் தேடும் பணி. வடக்கே திருவண்ணாமலைக்குச் செல்வதா, தெற்கே சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குச் செல்வதா என்பதை, இன்றுள்ள நடைமுறையில், மைத்துனரின் சிபாரிசும் கடை வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையுமே தீர்மானிக்கின்றன. “அரை மணி நேரம் உட்காருங்க சார், ஒட்டிக் கொடுத்துடறேன்” என்னும் கடைக்காரர் ஊசிக்குழலால் துணிக்குள் பசையைச் செலுத்துகிறார். பசை பொடியின் மீது ஒட்ட, பொடி எதன் மீதும் ஒட்டாதிருக்க, அடுத்த சித்திரைக்குள் துணி கறையோடு மீண்டும் இறங்குகிறது. “ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க” என்பவரிடம் பெரும்பாலோர் வண்டியை விடுவதில்லை. அவரோ வெயில்தடுப்புகள், கைப்பிடிகள், உள்விளக்கு ஆகியவற்றைக் கழற்றி, அட்டையை மடங்காமல் கதவு வழியே வெளியே எடுத்து, பழைய ஸ்பாஞ்சை எஞ்சாமல் தேய்த்தெடுத்து, அட்டையிலும் புதுத்துணியின் ஸ்பாஞ்சுப் பக்கத்திலும் வெப்பம் தாங்கும் பசையைப் பூசி, விரலில் ஒட்டாத பதத்திற்கு அது காயும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்திற்கு நீவி ஒட்டுகிறார். நல்ல கடைக்கு இதைவிட வேறு இலக்கணம் தேவையில்லை. ஆனால் இதில் முத்திரை குத்த இடமில்லாததே அமைவனத்தின் தயக்கத்திற்குக் காரணமாகலாம்.

அத்தயக்கத்தைப் போக்கும் பொருட்டுச் சில விதிகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன. மாலை ஐந்து மணிக்குக் கடைக்காரரின் சட்டை சோதிக்கப்பட வேண்டும். அதில் பழுப்புப் பொடி படியாதிருப்பின், அவர் அட்டையைக் கழற்றவில்லை எனக் கொண்டு உரிமம் மறுக்கப்பட வேண்டும். பசை காயும் இடைவெளியில் கைப்பேசியை எடுக்காதவருக்கு முதல்தரச் சான்று வழங்கலாம். கூரையின் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டு, மோதலின்போது சன்னலோரம் விரியும் காற்றுப்பையான கர்ட்டன் ஏர்பேக் அவ்வண்டியில் உள்ளதா என்பதைக் கேட்ட பின்னரே திருப்புளியை எடுப்பவரை (இது பகடியன்று) தேர்வின்றியே தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கத் தனித் தரநிலை எதற்கு என அமைவனம் வினவக்கூடும். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற சேவை குறித்த புகாருக்குக் கட்டணமில்லை என்பது உண்மையே. செலுத்தியதற்கான ரசீது, சீட் கவர் அட்டைப்பெட்டியின் கிழிசலில் பென்சிலால் எழுதப்பட்ட ஓர் எண்ணாக இருப்பதும் உண்மையே. அக்கிழிசலை ஆவணமாக ஏற்கும் பிரிவொன்றையும் தரநிலையில் சேர்க்குமாறு வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
குனிந்து ஓட்டுவோர், மூங்கில்துறைப்பட்டு.

இணைப்பு: ஸ்பாஞ்சுப் பொடி, ஒரு பொட்டலம் (ஆய்வகப் பரிசோதனைக்காக, மின்விசிறியின் கீழ் பிரிக்க வேண்டாம்).