பந்தலுக்கு முன் பேச்சு

கேள்வி: உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் நான்கு நாள் கூடும் அமைச்சர்களே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட முடியாதா?

பதில்: முடியாது. வரைவில் உடன்பாடில்லாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் நிறுத்திவைப்பது அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் வழக்கம். அவற்றில் பெரும்பாலானவற்றை அதிகாரிகள் முன்பே தீர்த்திருக்க வேண்டும். 2003-இல் கான்கூனில் விவசாய மானியம், பருத்தி, முதலீட்டு விதிகள் என எல்லாமே தீராமல் மேசைக்கு வந்தன. பெண்ணையும் பிள்ளையையும் கேட்காமல் முகூர்த்தம் குறித்த கதையாக மாநாடு முறிந்தது. 2013-இல் பாலி மாநாட்டுக்கு முன் பட்டியலைச் சுருக்கினார்கள். சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தம் பிறந்தது. அரசியல் முடிவை அதிகாரி எடுக்கலாமா என்பீர்கள். கூடாதுதான். இந்தியா விட்டுக்கொடுக்காத உணவு தானியக் கையிருப்புச் சிக்கலுக்கு பாலியில் அமைச்சர்கள்தான் வழி கண்டார்கள். முடிச்சுகள் சிலவே மிஞ்சியிருந்ததால் அது முடிந்தது. ஆனால் ஜெனீவா அறைகளில் பெனின், மாலி போன்ற பருத்தி நாடுகளுக்கும் நாற்காலி வேண்டும். கான்கூனில் பணக்கார நாடுகளின் பருத்தி மானியத்துக்கு எதிரான அவர்கள் முறையீட்டுக்குக் கிடைத்த பதில் அநியாயமானது.