ஒண்ணே ஒண்ணு

தீபாவளி முடிந்து ஐந்து நாளாகிறது. துரை இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான். நான் சமையலறைப் பக்கம் போனால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீர்ச் சொம்போடு திரும்புவதைக் கண்டதும் மறுபடி படுத்துக்கொள்கிறான். அந்தப் பார்வையில் இருப்பது நன்றி இல்லை.

இந்த நேரம் பார்த்து, பத்திரிகை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் போன் செய்தார். "பண்டிகைக் காலத்தில் நாய், பூனைகளைப் பாதுகாக்க ஏழு வழிகள் எழுதிக் கொடுங்கள். நீங்கதான் நாய் வளர்க்கிறவர் ஆச்சே" என்றார். வளர்க்கிறேன்தான். தாராளமாக ஏழு சொல்கிறேன்.

முதல் வழி, ஊரை விட்டு ஓடுவது. போளூரில் எங்கள் தெருவில் தீபாவளி என்பது மூன்று நாள் யுத்தம். மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு கடையைச் சாத்திவிடும். நாய்க்கு நாற்பத்தையாயிரம் வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. நமக்கே நெஞ்சு அதிர்கிறது என்றால், கட்டிலுக்கு அடியில் இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அதனால் வருஷா வருஷம் துரையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். இருட்டு வேண்டும் என்று தேடிவந்து விஞ்ஞானிகள் இதே மலையில்தான், காவலூரில், தொலைநோக்கி வைத்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று 1977இல் தெரியவந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு இருட்டு, எனக்கு அமைதி. மலை ஒன்றுதான்.

ஏறும்போது கொண்டையூசி வளைவுகளில் துரை வாந்தி எடுப்பான். கிளம்புவதற்கு முன் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நாலாவது வளைவில் இட்லி வெளியே வந்தது. போன் போட்டுக் கேட்டால், "பாவம், பாத்துக்கினே இருந்தான். ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தேன்" என்றாள் மனைவி. இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள்.

இந்த வருஷம் அமைதியும் இல்லை. நகரத்துக்காரர்கள் தீபாவளிக்கு மலைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த குடும்பம், கார் டிக்கியைத் திறந்தது. அட்டைப் பெட்டி, அட்டைப் பெட்டியாக இறங்கியது. "பசங்க ஆசைப்படறாங்க சார், ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அந்த அப்பா. பத்தாயிரம் வாலாவும் கணக்குப்படி ஒன்றுதான். சட்டப்படி நாலு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்தப் பத்தாயிரத்துக்கும் துரைக்கும் நடுவே ஒரு கல் சுவரும் ஒரு முருங்கை மரமும்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லி, நம் அரசும் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று பிரித்துக் கொடுத்தது. நான் போய் மணியைக் காட்டினேன். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "என்னுது கொஞ்சம் ஸ்லோ சார்" என்றார்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காக ஊரே பல வருஷமாக வெடி வெடிப்பதில்லை. திருப்பத்தூர் பக்கம். எங்கள் மலை அடிவாரத் திருப்பத்தூர் இல்லை, அந்தத் திருப்பத்தூர். நமக்கு வாய்த்தது இந்தத் திருப்பத்தூர்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த துரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "செங்கம் பக்கம் எடத்தனூர்ல ஒரு நடுகல் இருக்குது, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தெரியும். வருஷா வருஷம் சொல்கிறார். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எருமை மந்தையைக் காக்கப் போரிட்டுச் செத்த வீரனோடு அவன் நாயையும் கல்லில் செதுக்கி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். "அது நாய்!" என்றார் மாமா. கோவிவனிடம் எந்தக் கள்ளனும் அணுகுண்டு கொளுத்திப் போடவில்லை என்றேன். கேட்கவில்லை.

இரண்டாவது வழி, தின்பண்டம். இங்கேதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

தீபாவளி அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் துரை மூன்றாம் முறை வாந்தி எடுத்தபோது, விசாரணைக் கமிஷன் போட்டேன். குடும்பம் மொத்தத்தையும் கூடத்தில் உட்கார வைத்தேன். முதல் சாட்சி அக்கா. சாமை அதிரசம், ஒண்ணே ஒண்ணு. எப்போது? காலையில். அப்புறம்? "காலையில குடுத்தது காலைக் கணக்குடா. மத்தியானம் ஒண்ணு." இரண்டாம் சாட்சி மாமா. முழு அதிரசம் கொடுக்கவே இல்லை, சத்தியம். பாதிதான். எத்தனை பாதி? மாமா விட்டத்தைப் பார்த்தார். அக்கா மகன், மைசூர்பாகின் ஓரம் மட்டும். எத்தனை மைசூர்பாகின் ஓரம்? தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தட்டு முழுக்க ஓரமில்லாத மைசூர்பாகு சதுரம் சதுரமாக உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி, வெங்காய வடை, ஆனால் வெங்காயத்தை எடுத்துவிட்டு. ஏன் எடுத்தாய்? "வெங்காயம் நாய்க்கு ஆகாதாமே, ரத்தம் கெட்டுடுமாமே." விவரம் தெரிந்த பெண். எடுத்த வெங்காயத்தை என்ன செய்தாய்? ஓரமாக வைத்தாளாம். ஓரத்தில் இப்போது இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டு நிமிஷம் வந்துபோனவர், அவரும் ஒண்ணு. பால்காரர் ஒண்ணு. கரண்ட் பில் எடுக்க வருகிறவர் பண்டிகை இனாமுக்கு வந்தார், கொடுத்த லட்டில் ஒரு துண்டு. ஆக மொத்தம் ஒரு டஜன் ஒண்ணே ஒண்ணு. இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடைசியில் மாமாவின் அம்மா. எண்பது தாண்டியவர். "நான் ஒண்ணும் குடுக்கல. கேசரியில திராட்சை எனக்குப் பிடிக்காது. எடுத்துக் கீழ போட்டேன்."

கூடத்தில் சத்தமில்லை. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். தெரிந்த கால்நடை டாக்டரைப் போனில் எழுப்பினேன். "எத்தனை திராட்சை? நாய் எத்தனை கிலோ?" என்றார். பாட்டியைப் பார்த்தோம். ஒண்ணே ஒண்ணு என்றார். எடைக்கு, புளி மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் மாமா துரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு மாமா மட்டும். 109இல் 91 போனால் 18. துரையின் எடை தெரிந்தது, மாமாவின் எடையும் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த ராத்திரி முழுக்க மாமா பேசவே இல்லை.

ஒரு அரைப் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா என்று அக்கா பின்னாலிருந்து கேட்டது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. மனுஷ மாத்திரை எதையும் தொடாதீர்கள், முக்கியமாகப் பூனைக்கு, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும் என்றார். பூனை என்றதும்தான் அக்கா வீட்டு மங்கம்மா நினைவு வந்தது. முதல் வாலாவுக்கே பரண்மேல் ஏறியவள். மூன்றாம் நாள்தான் இறங்கினாள். யார் கையிலிருந்தும் எதுவும் வாங்கித் தின்னாமல், இந்தக் குடும்பத்தைத் தீபாவளி முழுக்க மேலே இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புத்தி உள்ள ஜீவன் அது ஒன்றுதான்.

விடிந்ததும் துரையை அடிவாரத்துக்கு இறக்கி, மாட்டாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தப் பரிசோதனையும் செய்தாயிற்று. சிறுநீரகம் தப்பித்தது, கணையம்தான் நெய்யில் கோபித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். யோசித்துப் பார்த்தால் கோவிவன் கதையும் எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அந்தக் கள்ளன் அதிரசம் ஒன்றை நீட்டியிருந்தால் எருமையும் போயிருக்கும், கல்லும் நட்டிருக்க மாட்டார்கள்.

கமிஷன் அறிக்கையில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. சாயங்காலம், வெடிச் சத்தத்தில் துரை என் காலடியில் வந்து நடுங்கியபோது, மனசு கேட்காமல் என் தட்டிலிருந்து ஒரு பால்கோவா. ஒண்ணே ஒண்ணுதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மீதி ஐந்து வழிகளை நண்பர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கார்த்திகை தீபம் வருகிறது. திருவண்ணாமலை பார்த்துவிட்டுப் போகிற வழியில் போளூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். கொண்டுவருகிற பொரி உருண்டையை மட்டும் தயவுசெய்து உங்கள் வாயிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.