சேசிஸ் எண்ணின் உண்மையும் இன்மையும்: தகடு தொலைந்த பழைய கார்களின் பதிவு குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

ஒரு பொருள் உளது என்பதை எவ்வாறு துணிவது என்னும் கேள்வியைத் தருக்க நூலார் நெடுங்காலம் ஆராய்ந்தனர் எனினும், அதற்கான இறுதி விடை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பின்புற மைதானத்தில் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திலர். நான்கு சக்கரமும் ஸ்டியரிங்கும் உடைய, ஸ்டார்ட் செய்தால் புகை கக்குகிற, மோதினால் எலும்பை முறிக்கவல்ல ஒரு காரும், சேசிஸ் எண் இல்லையேல் அங்கே இல்பொருளே ஆகும். அத்தகைய கார்களுள், 'பிராஜக்ட் கார்' எனப்படுவதை, அதாவது என்றேனும் சரிசெய்து ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் வாங்கப்பட்டுத் தார்ப்பாயின் கீழ் உறங்கும் வகையை மட்டும் இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது.

சேசிஸ் எண் என்பது தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் இடும் தனி அடையாளம். அது தகட்டில் பொறிக்கப்பட்டு ரிவெட் அடித்துப் பொருத்தப்படுவதோடு, வண்டியின் இரும்பிலும் குத்தப்படுவது வழக்கம். உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசிடருக்கும், பம்பாய்க் குர்லாவில் உருவான பத்மினிக்கும் தனியாகச் சேசிஸ் என ஒன்றே கிடையாது, பாடியே சேசிஸின் வேலையையும் செய்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. ஆகவே இல்லாத சேசிஸுக்கு எண் உண்டென்றும், அந்த எண் இல்லாவிடில் இருக்கிற வண்டி இல்லையென்றும் கொள்ளும் ஒரு கோட்பாட்டின்மேல் மோட்டார் நிர்வாகம் தடுமாற்றமின்றி நடந்து வருகிறது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டுதான். ஆயினும் ஒன்றின் பாடியைக் கழற்றி மற்றொன்றின் சட்டகத்தில் ஏற்றலாம் ஆதலின், எது எந்த வண்டி என்ற ஐயம் அங்கே இரட்டிக்கிறது.

தகடு தொலையும் முறை பெரும்பாலும் ஒன்றே. பெயிண்டர் அதைப் பத்திரமாகக் கழற்றி, பழைய நட்டு போல்டுகளோடு ஒரு டப்பாவில் இடுகிறார்; வேலை பாதியில் நிற்கிறது; பட்டறை இடம் மாறுகிறது; டப்பா காயலான் கடைக்குப் போகிறது. இரும்பில் குத்திய எண்ணோ பட்டிக்கு அடியிலோ துருவுக்கு உள்ளேயோ மறைகிறது, அல்லது டிங்கர் வெட்டி எறிந்த துண்டோடு போய்விடுகிறது.

மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை கூறும் அளவைகளுள், அதாவது உண்மையை அறியும் கருவிகளுள், ஐந்து இங்குப் பொருந்துகின்றன. முதலாவது காட்சி. இதற்குப் பென்சில் பிரிண்ட் என்று பெயர்: உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கருமைக்கு நடுவே இலக்கங்கள் வெளுப்பாகத் தோன்றும், துரு தின்ற இடத்தில் 3, 8 ஆகிய இரண்டும் ஒரே உருவாகத் தெரியும்போது, வாகன ஆய்வாளர், அதாவது மக்கள் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்துவார். இரண்டாவது கருதல்: ரிவெட் துளை உளது, ஆகவே தகடு இருந்தது, ஆகவே எண்ணும் இருந்தது. இவ்வனுமானம் பழுதற்றது, ஆனால் எந்த எண் என்று அவர் கேட்டால் விடை இல்லை. மூன்றாவது ஆகமம், அதாவது ஆர்.சி. புத்தகம், இராமபாணப் பூச்சி அரித்தபோதும் இதன் வாக்கே பெரிது. ஐதிகம் என்பது இம்மரத்தில் பேயுண்டு என வழிவழியாகச் சொல்லக் கேட்டுத் தெளிவது. 'ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி' என்று விற்பவர் கூறுவது இதில் அடங்கும்.

ஐந்தாவதான அபாவமே மிக நுட்பமானது. இன்மையே சான்றாகும் இவ்வளவையைத் தருக்கவாதிகள் பலர் ஏற்கவில்லை எனினும், காவல்துறை ஏற்றுள்ளது: ஆர்.சி. தொலைந்ததைப் புகார் செய்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெற்று, படிவம் 26-உடன் இணைத்தால், பதிவேட்டில் விவரம் இருக்கும் வரையில் நகல் கிடைக்க வழியுண்டு. முதல் 15 ஆண்டுகள் கழிந்த பதிவைப் படிவம் 25 மூலம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவும், வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கவும் வேண்டும். இவற்றுள் பின்னது பென்சில் பிரிண்டையே கேட்கிறது என்பதால், ஆய்வு தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணமும், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணும், பத்தாண்டுச் செல்லுபடியும் உண்டு. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதும் மாறாதிருக்க வேண்டும் என்பதால், டீசல் இன்ஜின் ஏற்றிய பெட்ரோல் அம்பாசிடர் தன் வயதை மட்டும் காட்டி இதில் நுழைய இயலாது.

எண் அழிந்துவிட்டதெனில், பதிவு அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி பெற்று மீண்டும் குத்தலாமா என்று கேட்பதே முறை. பட்டறையில் பஞ்ச் செட் இருக்கிறதே என்று தாமே குத்திக்கொள்பவர், நேர்மையாக வாங்கிய வண்டியைத் திருட்டு வண்டியின் தோற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். ஆகவே வாங்க விரும்புவோர் அட்வான்ஸ் கொடுக்குமுன் உப்புத்தாளும் பென்சிலும் கொண்டுபோய், தேய்த்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். இரண்டும் இல்லாத காரை ஸ்பேர் பார்ட்ஸ் விலைக்கு மேல் வாங்க வேண்டாம்.