மூணே முக்கால் வட்டிக்கு ஒரு மினுமினுப்பு

இங்க கொண்டா, பாப்போம். முழுங்கிர மாட்டேன்லே, குடு. ம்... ரேஷன் கார்டை விடக் கனம் கூடத்தான். பேரு என்னமோ உன் பேருதான். ஆனா இங்கிலீஷ்ல மேடு மேடா அடிச்சிருக்கதப் பாத்தா யாரோ கலெக்டர் பேரு மாதிரி இருக்கு.

உங்கம்மா நேத்துச் சொன்னா, "நடுத்தரக் கார்டாம் மாமா, கீழ ஒண்ணு இருக்காம், மேல ஒண்ணு இருக்காம், இவன் நடுவுல உள்ளத வாங்கிருக்கான்"னு. எனக்கு எட்டயபுரம் ஆட்டுச் சந்தை ஞாபகம் வந்துட்டுது. அங்க கெட்டிக்காரத் தரகன் மூணு ஆட்டை நிறுத்தி வைப்பான். ஒண்ணு சொத்தை, ஒண்ணு யானை விலை. ரெண்டையும் பாத்துட்டு நாமளே நடுவுல நிக்க ஆட்டுக் கயித்தைப் பிடிப்போம். அவன் வீட்டுல இருந்து கிளம்பும்போதே அதைத்தான் விக்கணும்னு கிளம்பிருப்பான்.

சரி, வருசச் சந்தா எவ்வளவுன்னே? 2,500. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 450. ஆக 2,950. இரு, அந்த நாள்காட்டித் தாளைக் கிழிச்சுக் குடு, பின்பக்கம் எழுதிக்கிடுதேன். "மூணு லட்சம் செலவழிச்சா சந்தா தள்ளுபடி தாத்தா"ங்க. அடேயப்பா! 2,950 ரூவா மிச்சம் பிடிக்க மூணு லட்சத்த எறியச் சொல்லிருக்கான், நீயும் என்னமோ பரம்பரை நிலத்த மீட்டுட்டு வந்தவன் மாதிரி நிக்க.

கோவிச்சுக்காத. அரிசி, பருப்பு, கரண்டு பில்லு, உங்கம்மா மாத்திரைன்னு தானா மூணு லட்சம் ஆகும்னா நான் வாயத் தொறக்கல. ஆனா உன் சம்பளத்துல பாதியத் திங்கது மேடவாக்கத்து வாடகை. அதை அட்டையில கட்டினா நூத்துக்கு ஒரு ரூவா தனியாப் பிடிக்கானாம், புள்ளியும் கிடையாதாம். பெட்ரோலுக்கும் புள்ளி இல்லேன்னுட்ட. அப்ப எதுக்குத்தான்லே புள்ளி? போன மாசம் மூணாவது ஜோடி செருப்பு வாங்குனியே, அதுக்கு உண்டு, என்ன?

புள்ளிக் கணக்குக்கு வருவோம். நூறு ரூவாய்க்கு ரெண்டு புள்ளி. ஒரு புள்ளி கால் ரூவா. மூணு லட்சத்துக்கு ஆறாயிரம் புள்ளின்னு கேக்க நல்லாத்தான் இருக்கு. ரூவாயா மாத்தினா 1,500. அதை வாங்கப் போனா 99 ரூவாயும் ஜிஎஸ்டியும் கூலியா எடுத்துக்கிடுவான், 117 போச்சு. கையில நிக்கது 1,383. மூணு லட்சம் தொடாம நின்னுட்டேன்னா இதுவும் குறையும், சந்தா 2,950-ம் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்புறம் அந்த லவுஞ்சு. உங்கம்மா தெருப்பூரா சொல்லிட்டா, "எம்புள்ள ஏரோப்ளேன் ஆபீசுல ஓசியிலயே சாப்பிடுவான்"னு. நீ ஊருக்கு வாறது நெல்லை எக்ஸ்பிரஸ்ல, படியோரத்துல தொத்திக்கிட்டு. லவுஞ்சு இருக்கது மீனம்பாக்கத்துல. கம்பெனி அனுப்பி ஒரே ஒரு தரம் பெங்களூரு போனே, ரெண்டு இட்லியும் ஒரு கரண்டிப் பொங்கலும் தின்னே. அதுக்கும் முந்தின மூணு மாசத்துல அம்பதாயிரம் செலவழிச்சிருக்கணும்னு ஒரு விதி. அம்பதாயிரத்துக்கு நம்ம ஊர்ல கிடா வெட்டி, கூப்பிட்டவன் கூப்பிடாதவன் எல்லாருக்கும் இலை போட்டுரலாம்லே.

சிரிச்சது போதும். இனிமே சொல்லுததக் காதுல வாங்கு.

ஆடித் தள்ளுபடியில ஃப்ரிட்ஜும் இன்னபிறவும் 40,000-க்குத் தேய்ச்சியே, அந்தப் பில்லு வந்தப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. "குறைந்தபட்சம் 2,000 கட்டினால் போதும்." என்ன கரிசனம்! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். நீயும் மாமியா வீட்டுச் சலுகை மாதிரி 2,000-த்தக் கட்டிட்டுக் குறட்டை விட்ட. மிச்சம் 38,000. மாசத்துக்கு மூணே முக்கால் சதவீதம்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். நம்ம பாசையில மூணே முக்கால் வட்டி. போட்டுப் பாரு, 1,425. அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி, 256 ரூவா 50 காசு. ரெண்டும் 1,681 ரூவா 50 காசு. நீ கட்டின ரெண்டாயிரத்துல கடன் குறைஞ்சது 318 ரூவா 50 காசு!

இது நான் தாள்ல போட்ட தோராயம். நெசக் கணக்கு இதைவிட மோசம். முழுசாக் கட்டலேன்னா வட்டி பில்லுத் தேதியில இருந்து ஓடாது, நீ கடையில தேய்ச்ச அன்னையில இருந்து ஓடும். அந்த மாசம் வாங்குத கொத்தமல்லிக் கட்டுக்கும் அன்னைக்கே வட்டி. வட்டியில்லாத அம்பது நாளுன்னு சொல்லுதானே, அது பாக்கி இல்லாதவனுக்கு மட்டும். கடைசியில உங்கம்மா சீட்டுப் பணத்த எடுத்து அடைச்சா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீக ரெண்டு பேரும்.

நம்ம பக்கம் அஞ்சு வட்டிக்கு விட்டவன் வீட்டைத் தாண்டும்போது உங்க பூட்டன் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டுப் போவாரு. 2003-ல கவர்மெண்டு சட்டமே போட்டுது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், தின வட்டி, மணி வட்டின்னு பேரு சொல்லித் தடுத்தாக. இந்த அட்டை வட்டி அந்தப் பட்டியல்ல இல்ல. 2008-ல நுகர்வோர் தேசிய ஆணையம் முப்பது சதவீதத்துக்கு மேல வாங்கப்படாதுன்னு சொல்லிச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணிருச்சு. டீக்கடையில பேப்பர் படிக்கவன்லே நான், சும்மா இல்ல. மாசம் மூணே முக்கால்னா வருசத்துக்கு 45 சதவீதம். கோட்டுப் போட்டு, டை கட்டி, ஏசி ரூம்ல உக்காந்து வாங்கினா அதுக்குக் கந்துன்னு பேரில்ல போல. நகையக் கொண்டுபோய் பேங்குல வச்சாக்கூட ஒரு வட்டிக்குள்ள முடிஞ்சிரும்.

ஏடிஎம்ல இந்த அட்டைய மட்டும் சொருகிராத. அதுக்கு ஒருநாள் கெடுகூடக் கிடையாது, எடுத்த நிமிசமே கட்டணமும் வட்டியும்.

"அப்ப ஒடிச்சுப் போட்டுரட்டா"ன்னு கேக்க. இதான் இந்தக் காலத்துப் பயலுக புத்தி. ஒண்ணு தலையில தூக்கி வச்சு ஆடுவ, இல்லேன்னா ஒடிப்ப. சந்தையில துண்டுக்குள்ள கையவிட்டு விரலப் பிடிச்சு விலை பேசுவோம்ல, படியலேன்னா என்ன செய்வோம்? துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு நாலு எட்டு நடப்போம். அஞ்சாவது எட்டுல "அண்ணாச்சி"ன்னு குரல் வரும். சந்தா கேட்டாம்னா நீயும் போனப் போட்டு, "அட்டை வேண்டாம், மூடிருங்க"ன்னு சொல்லு. பாக்கி இல்லேன்னா ஏழு வேலைநாளுக்குள்ள மூடணும், தவறினா நாளொண்ணுக்கு 500 ரூவா உனக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்கே விதி போட்டிருக்கு. பாதிப் பேருக்குச் சந்தாவத் தள்ளிக் குடுத்துருவானாம், அடுத்த தெருப் பேங்குக்காரப் பய சொன்னான். தள்ளலேன்னா மூடிரு, அவ்வளவுதான்.

ஆனா இப்ப மூடாத. அதுக்கு வேற காரணம் இருக்கு.

இந்த வருசம் இதுவரை எவ்வளவு தேய்ச்சிருக்க? 2,62,000-ன்னு போன்ல காட்டுது. மூணு லட்சத்துக்கு இன்னும் 38,000 வேணும். அதுக்காக நீ நாலாவது ஜோடி செருப்பு வாங்கப் போற, எனக்குத் தெரியும். வாங்காத. நம்ம தோட்டத்துக் கிணத்து மோட்டாரு புகைஞ்சு போச்சு. ரெண்டு தரம் காயில் கட்டியாச்சு, இனி தாங்காதுன்னுட்டான். புதுசு 39,000 சொல்லுதான் கோவில்பட்டியில. கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூடக் கேட்டான். எங்க சம்பந்திக்குச் சொந்தக்காரன்தானே, பேசி அதை இறக்கிட்டேன்.

காசு எங்க இருக்குன்னு கேக்கியா? காட்டுல நிக்கு. உளுந்து மார்கழிப் பாதிக்குள்ள களத்துக்கு வந்துரும். வித்ததும் உன் கையில எண்ணி வச்சுருதேன், ஒரு ரூவா குறையாது. பில்லு மாசாமாசம் 18-ந் தேதின்னு சொன்னேல்ல? இன்னைக்கு நவம்பர் 16. நாளைக்கு வாங்கினா டிசம்பர் 7-க்கே கட்டணும். 19-ந் தேதி வாங்கினா ஜனவரி 7 வரைக்கும் ஓடும். எண்ணிப் பாத்துட்டேன், 49 நாளு.

லீவு சொல்லிரு. 19-ந் தேதி காலையில முத பஸ்சு. மோட்டாருக்கு 780 புள்ளி விழும், அது 195 ரூவா, அது எனக்கு. கடலமிட்டாயா வாங்கிக் குடு. பல்லு இல்லாட்டி என்னலே, பால்ல ஊறவச்சுத் திங்கேன்.