கோரிமேட்டு கோச்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் போனாலும் மருந்துக்கடை, லேப், ஜெராக்ஸ், டிபன் கடை வரிசைகட்டி நிற்கும். அதில் ஏதாவதொரு மாடியில் பிரசன்டேஷன் கோச் இருப்பார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டராக இருந்தவர்தான். போர்டு மட்டும் புதுசு. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம். கூட்டத்தைக் கண்டு நடுங்குகிறவனைத் தனியாக உட்கார வைத்தால் அவன் நன்றாகத்தானே பேசுவான் என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. பீஸ் ஏறிவிடும்.

ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். கத்திரி வெயிலிலும் பிளேசர். மின்விசிறி சத்தம் மைக்கில் விழுமாம், அதனால் அதுவும் ஆஃப்.

முதல் வகுப்பில் டெமாஸ்தனிஸ் வருவார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதாகச் சொல்லப்படும் கிரேக்கர். இதை நோட்டில் குறித்துக்கொண்ட மெடிக்கல் ரெப் ஒருவர், "கோலிகுண்டு போட்டா பரவால்லையா சார்?" என்று கேட்டார்.

இரண்டாம் வகுப்பு சதவீதக் கணக்கு. பேச்சில் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கும் உடம்புக்கும் 55. அமெரிக்கப் பேராசிரியர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. ஒருவர் சொல்லும் வார்த்தையும் முகமும் ஒத்துப்போகாதபோது, அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியும் ஆயிற்று. கோச்சிடம் அதைச் சொல்ல முடியுமா? சொல்லுக்கு 7 மார்க்தான்.

மூன்றாவது, 'பாஸ்'. அதாவது நடுவில் நிறுத்துவது. இதற்கு அவர் தனியாக மெனக்கெடுவதில்லை. திண்டிவனம் ரோட்டிலிருந்து ஜிப்மருக்கு ஆம்புலன்ஸ் திரும்பும்போதெல்லாம் கையை உயர்த்துவார். மாணவர் வாயை மூடி, மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். கூட்டம் அதிகமுள்ள திங்கட்கிழமைகளில் பேச்சைவிட பாஸ் அதிகமாகிவிடும்.

ஆனால் மனுஷனை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. செல்போனில் படம்பிடித்து உடனே போட்டுக் காட்டுவார். மருத்துவ மேற்படிப்பு மாணவி ஒருவர் ஆறு நிமிஷத்தில் முப்பது ஸ்லைடு வைத்திருந்தார். திரையைப் பார்த்தே படித்ததில், படத்தில் தெரிந்தது அவருடைய பின்னல் மட்டும். தன் முதுகைத் தானே பார்த்தபின் ஸ்லைடு எட்டாகக் குறைந்தது. எந்தப் புத்தகமும் இதைச் செய்திருக்காது.

போன மாதம் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து (ஊட்டி அடிவாரத்து ஊர் இல்லை, நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையம்) அட்டைப்பெட்டி செய்கிற முதலாளி ஒருவர் வந்தார். பெரிய கம்பெனி பர்ச்சேஸ்காரர்கள் முன்னால் பேச வேண்டும். மூன்று வாரமாகக் கையை எங்கே வைப்பது என்றே பாடம் நடந்தது. இடைவேளையில் டீ குடிக்கும்போது கோச் சும்மா கேட்டார்: "அதெல்லாம் சரி, உங்க பெட்டில அப்படி இன்னா விசேஷம்?"

முதலாளி டீயைக் கீழே வைத்தார். மூலையில் கிடந்த பெட்டியை எடுத்து நார் நாராகக் கிழித்தார். "இத பாருங்க சார், நடுவுல அலை அலையா வருதே, இதான் ஃப்ளூட்டு. இது நெட்டுக்குத்தா நின்னாத்தான் பாரம் தாங்கும். படுக்க வச்சு அடிச்சுட்டான்னா, பத்துப் பெட்டி அடுக்குனா அடிப்பெட்டி அப்பளம். மூனு பிளைல ஒரு அலை, அஞ்சு பிளைல ரெண்டு. நம்ம ஊரு கடக்காத்துக்கு அட்டை ஈரம் இழுத்துக்கும் சார். அதப் பாக்காம விலையக் கொறச்சு வாங்குறவன், மழைக்காலத்துல எனக்குத்தான் போன் பண்ணுவான்."

கோச் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் பதறினார். "அய்யய்யோ, ரெக்கார்டு போடலியே! இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

முதலாளி எழுந்து, அட்டைத் துண்டுகளை ஓரமாகத் தள்ளி, சட்டையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் தொப்புளுக்கு நேரே கோத்துக்கொண்டார். "குட் மார்னிங். பேக்கேஜிங் என்பது ஒரு நம்பிக்கை."

"சூப்பர் சார்!" என்றார் கோச். "இப்பதான் பிரசன்டேஷன் மாதிரி இருக்கு."